நாலு சக்கரமும் இழுக்கிறதா? பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்குவோர் கேள்வி-பதில்

பழைய வண்டி வாங்குவது பற்றி வந்த கேள்விகளில் ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் என்ஜின் விசை போகும் வண்டி) தொடர்பானவை மட்டும் இந்த இதழில். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கொட்டகையில் எட்டு வருஷமாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் நிற்கிறது. மீட்டரில் 38,000 கி.மீ.தான். "ஓடாத வண்டிண்ணே, புதுசு மாதிரி" என்கிறார் புரோக்கர். அதற்காகவே விலையும் கூடுதலாகக் கேட்கிறார்கள். வாங்கலாமா? - வாசகர், புதுவயல்

வாங்கலாம். ஆனால் கூடுதல் விலைக்கு அல்ல, குறைத்து. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இப்படி நிற்கும் வண்டிகள் அதிகம் என்பதால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறோம்.

ஓடும் வண்டி தேயும், நிற்கும் வண்டி காயும். ஆயில் சீல்கள் எண்ணெயில் நனைந்தபடி இருந்தால்தான் மெத்தென்று இருக்கும். வருஷக்கணக்கில் வறண்டால் விளிம்பு இறுகிப்போகும். கொட்டகையில் நிற்கும்போது ஒரு சொட்டு ஒழுகாத வண்டி, வாங்கிய பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கிராங்க் சீல், பினியன் சீல், ஆக்சில் சீல் என்று ஒவ்வொன்றாக ஒழுகத் தொடங்கும். சீலின் விலை சொற்பம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எட்டு வருஷம் மாற்றாத ஆயில், வீல் சிலிண்டருக்குள் குழி குழியாகத் துரு வைத்திருக்கும். நாலு டிரம்மையும் கழற்றி, ரப்பர் உறையை நகத்தால் ஓரமாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு. பிஸ்டன் அசையாவிட்டால் சிலிண்டர் இறுகிவிட்டது. நாலு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றும் செலவை முதலிலேயே விலையில் கழித்துவிடுங்கள். கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கலாம். அப்படியானால் பெடலை முழுக்க மிதித்தாலும் கியர் விழாது.

எரிபொருள் டேங்க்கின் அடி பிளக்கைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் தெளிய விடுங்கள். அடியில் செம்பழுப்புத் தூள் படிந்தால் டேங்க் உள்ளே துரு. வழவழப்பான கரும் படலம் என்றால் நீர் சேர்ந்த டீசலில் கிருமி வளர்ந்திருக்கிறது. இரண்டுமே இன்ஜெக்டரைக் கெடுக்கும். வயரிங்கை எலி விட்டுவைத்திருக்காது. டேஷ்போர்டுக்கு அடியிலும் ஃபயர்வால் துளை அருகிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மிக முக்கியமான விஷயம்: உங்களுக்குக் காட்டுவதற்காகப் புது பேட்டரியை மாட்டி நேராக செல்ஃப் அடிக்க விடாதீர்கள். பேரிங்குகளில் எண்ணெய்ப் படலமே இருக்காது. முதலில் என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு எரிபொருள் போகாமல் தடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டு செல்ஃப் அடித்து, அதன் பின்புதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது? வீட்டில் பங்காளிகளுக்கெல்லாம் பங்கு இருப்பதைப்போல இந்த வண்டியிலும் இருக்கலாம். உரிமையாளர் காலமாகியிருந்தால், முதலில் வாரிசு ஒருவர் படிவம் 31 மூலம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றுடன் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். அதன் பிறகே உங்கள் பெயருக்கு. "சாவி என்கிட்ட இருக்கு, நான் கையெழுத்துப் போடுறேன்" என்பவரிடம் பணம் கொடுத்தால் வண்டி உங்கள் வாசலிலும் உரிமை வேறு எங்கோவும் இருக்கும். பதிவு செய்து 15 வருஷம் கடந்திருந்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி 5 வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதோடு பசுமை வரியும் சேரும்.

கேள்வி: தோப்புக்குப் போக ஒரு வண்டி வேண்டும். கண்மாய்க் கரை வழி மூன்று கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் சேறாகிவிடும். ஃபோர் வீல் டிரைவ்தான் வாங்க வேண்டுமா? - வாசகி, தேவகோட்டை

வருஷத்தில் எத்தனை நாள் சிக்கிக்கொள்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பதினைந்து நாள்தான் என்றால், தரையிலிருந்து உயரமாக நிற்கும் டூ வீல் டிரைவ் வண்டியும், பின்னால் இரண்டு நல்ல ஆழமான பட்டன் டயரும் போதும். ஃபோர் வீல் டிரைவில் கூடுதலாக ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), ஒரு ஜாயிண்ட் ஷாஃப்ட், முன்னால் ஒரு டிஃபரென்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி), இரண்டு ஆக்சில் ஷாஃப்ட், நாலைந்து கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் இணைப்பு) இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் ஆயிலும் கிரீஸும் பில்லும் உண்டு. மழைக்காலம் முழுக்க தினமும் போக வேண்டும், உர மூட்டையும் ஏற்ற வேண்டும் என்றால் ஃபோர் வீல் டிரைவ் வாங்குங்கள். செம்மண் தரையைவிட கண்மாய்க் களிமண்தான் ஆளை விழுங்கும். அதில் பட்டன் தேய்ந்த டயரோடு நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றினாலும் வண்டி நகராது.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் உண்மையில் வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? லீவரைப் போட்டதும் மீட்டரில் விளக்கு எரிந்தால் போதாதா? - வாசகர், காரைக்குடி

போதாது. பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு, லீவர் நகர்ந்ததைத்தான் சொல்லும். முன் சக்கரத்துக்கு விசை போனதைச் சொல்லாது. மைலேஜ் கிடைக்கும் என்று முன் ஜாயிண்ட் ஷாஃப்டையே கழற்றி வீட்டில் போட்டிருக்கும் ஆட்கள் உண்டு. அந்த வண்டியிலும் விளக்கு அழகாக எரியும்.

முதல் சோதனையைத் தார் ரோட்டில் செய்யாதீர்கள். ஊருக்கு வெளியே பொட்டல் தரை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். (ஊருணிக்குள் இறக்கிவிடாதீர்கள், ஊர் சும்மா விடாது.) 2எச்-ல் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம் அடியுங்கள். அதே இடத்தில் 4எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு இன்னொரு வட்டம். இரண்டாவது வட்டத்தில் வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் திணற வேண்டும், ஸ்டியரிங் கனக்க வேண்டும். அப்படி இருந்தால் முன் ஆக்சில் பிடித்திருக்கிறது. இரண்டு வட்டத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

காரணம் இதுதான். திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் ஓடும். மஹிந்திரா தார், ஜீப், மாருதி ஜிப்ஸி வகைகளில் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. 4எச் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கு ஷாஃப்டுகளில் சேரும். சிலருடைய லீவர் 4எச்-லிருந்து வெளியே வராமல் மாட்டிக்கொள்வது இதனால்தான். நேராகப் பத்து அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தானாக வரும். அடித்து இழுத்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் வளையும்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு ஜாக்கி போதும். சந்தேகத்துக்கே இடம் வைக்காது. சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். என்ஜின் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில் விடுங்கள். லீவர் 2எச்-ல் இருக்க, முன் சக்கரம் ஒன்றை மட்டும் தரையிலிருந்து இரண்டு விரல் தூக்குங்கள். கையால் சுற்றினால் சக்கரம் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஒன்று பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸ் 4-லிருந்து விடுபடவே இல்லை. இப்போது 4எச் போட்டு அதே சக்கரத்தைச் சுற்றுங்கள். கொஞ்சம் ஆடி "டக்" என்று நிற்க வேண்டும். முழுக்கச் சுற்றினால் விசை எங்கோ அறுந்திருக்கிறது: ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் நடுப்பகுதி) பூட்டவில்லை, ஆக்சில் ஷாஃப்ட் ஒடிந்திருக்கிறது, அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கோளாறு. மறு பக்கச் சக்கரத்திலும் இதையே செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள்.

ஜிப்ஸி வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன் சக்கர நடுவில் கையால் திருகும் ஹப் இருந்தால் அது 'லாக்' பக்கம் இருந்தால்தான் மேலே சொன்ன சோதனை செல்லும். பல வருஷம் திருகாத ஹப்பில் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். கையால் திருக முடிய வேண்டும், பிளையர் தேவைப்படக் கூடாது. ஜிம்னி போன்றவற்றில் ஹப் வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் இழுப்பால்) பூட்டிக்கொள்கிறது. அதில் சக்கரத்தருகே போகும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஜாக்கி சோதனையையும் என்ஜின் ஒருமுறை ஓடி ஹப் பூட்டிய பிறகே செய்ய வேண்டும். ஸ்விட்ச் திருகும் மின்சார முறை உள்ள ஸ்கார்ப்பியோவில் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸின் மோட்டார் நகர முயன்று தோற்கிறது என்று பொருள்.

கடைசியாக 4எல், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலை. வண்டியை முழுக்க நிறுத்தி, கிளட்ச் மிதித்து, மெயின் கியரை நியூட்ரலில் வைத்துப் போடுங்கள். பற்கள் ஒத்துவராமல் கரகரத்தால் வண்டியை ஒரு சாண் உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள். இந்த நிலையில் ஜீப், தார் வகைகளில் விசை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும், வேகம் அதே அளவு குறையும். முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஒரு மேட்டில் ஏற்றுங்கள். பிறகு அதே மேட்டில் காலை எல்லாப் பெடலிலிருந்தும் எடுத்துவிட்டு இறங்குங்கள். இறங்கும்போது லீவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் பல் முனைகளோ ஃபோர்க்கோ தேய்ந்துவிட்டது. ஏறும்போது மட்டும் சோதிப்பவர்கள் இந்தக் குறையைப் பார்ப்பதே இல்லை.

கேள்வி: பின்னால் 4x4 என்று எழுத்து ஒட்டியிருக்கிறது. அது போதுமான ஆதாரமா? - வாசகர், கோட்டையூர்

அந்த எழுத்து ஸ்டிக்கர் கடையிலேயே கிடைக்கும். தாரில் டூ வீல் டிரைவும் உண்டு. 2020-ல் வந்த புதிய தாரிலும் 2023 முதல் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை விற்பனையாகிறது. வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸும் அதிலிருந்து முன்னோக்கிப் போகும் ஷாஃப்டும் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் மாடல் பெயர் என்ன என்பதையும் படியுங்கள். டூ வீல் டிரைவாகப் பதிவான வண்டியில் பிறகு முன் ஆக்சில் ஏற்றியிருந்தால் எஃப்.சி.யில் சிக்கல் வரும்.

கேள்வி: பார்த்த வண்டியில் ஓட்டும்போது அடியிலிருந்து ஒரு "ஊ" சத்தம் வருகிறது. "ஃபோர் வீல்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார்கள். உண்மையா? - வாசகர், சிங்கம்புணரி

பட்டன் டயர் கொஞ்சம் முனகும், அது உண்மை. மற்ற சத்தங்களுக்கு இந்தச் சாக்கு செல்லாது. சத்தம் எப்போது மாறுகிறது என்று காது கொடுங்கள்.

50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு ராகம், விடும்போது வேறு ராகம் என்றால் டிஃபரென்ஷியல்: பினியன் பேரிங் அல்லது கிரவுன் பல். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, ஸ்டியரிங்கை லேசாக இடது வலது ஆட்டும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். நின்ற இடத்திலிருந்து கிளட்ச் விடும்போது "டக்" என்று ஓர் அடி விழுந்தால் கிராஸ் ஜாயிண்ட். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் முன்னாலிருந்து "டக் டக் டக்" என்று வந்தால் முன் ஆக்சில் ஜாயிண்ட்.

கிராஸைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஜாயிண்ட் ஷாஃப்டின் முனையில் நாலு கிண்ணங்கள் தெரியும். அவற்றைச் சுற்றிச் செங்கல்தூள் தூவியதுபோல் சிவப்பாக இருந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்து துருத்தூள் வெளியேறுகிறது. நம்மூர் செம்மண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். துணியால் துடைத்தால் மண் போய்விடும், துருத்தூள் கிண்ணத்தின் விளிம்பில் வளையமாகத் தங்கியிருக்கும். பிறகு ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கிண்ணத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் கவைக்கும் நடுவே துளியும் அசைவு தெரியக் கூடாது.

டிஃபரென்ஷியலின் பக்கவாட்டில் உள்ள நிரப்பும் பிளக்கைத் திறந்து விரலை விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஆயில் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்க வேண்டும். விரலில் வருவது டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடிச் சூடான ஹவுசிங் வாய்க்காலில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும். மேலே உள்ள மூச்சுக்குழாய் மண்ணில் அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படித் தண்ணீர் குடித்த ஹவுசிங்கில் ஆயில் மாற்றினால் மட்டும் போதாது, பேரிங்கில் துரு தொடங்கியிருக்கும். ஆயில் வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் மை போன்ற பசை ஒட்டியிருப்பது இயல்பு. நகக்கண்ணில் குத்தும் துணுக்கு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

கேள்வி: 50 கி.மீ. வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் பேயாட்டம் ஆடுகிறது. பிரேக் பிடித்தால்தான் நிற்கிறது. பேலன்சிங் செய்தால் சரியாகுமா? - வாசகர், திருப்பத்தூர்

முன்னால் ஒரே தண்டாக ஆக்சில் உள்ள ஜீப் வகையில் வரும் வியாதி இது. பேலன்சிங் குறை இருந்தால் ஆட்டத்தைத் தூண்டிவிடும், அவ்வளவுதான். வேர் வேறு இடத்தில். என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவரை ஸ்டியரிங்கை இடதும் வலதும் ஒரு சாண் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு டை ராட் முனையின் மேலும் உள்ளங்கையை வையுங்கள். தேய்ந்த பந்து கைக்குத் துள்ளித் தெரியும். பிறகு சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் (சக்கரம் இடது வலது திரும்பும் அச்சு) பேரிங் அல்லது வீல் பேரிங். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். ஸ்பிரிங் சாக்கிள் புஷ்களையும் விட்டுவிடாதீர்கள். வண்டி முழுக்கப் பழசாக இருக்க, ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் குழாய்) மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், நோயை மறைக்கப் போட்ட கட்டு அது.

கேள்வி: தொண்டிப் பக்கம் ஓடிய வண்டி ஒன்று சல்லிசாக வருகிறது. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கருப்பு அடித்துச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். - வாசகர், கானாடுகாத்தான்

சுத்தமாக இருப்பதுதான் கவலை. விற்கும் நேரத்தில் அடியில் கருப்பு அடிப்பவர் எதையாவது மூடத்தான் அடிப்பார். கடற்காற்று உப்பு சேசிஸை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் இருக்கும், பெட்டி வடிவச் சட்டத்துக்குள் தகடு காகிதமாகியிருக்கும்.

சின்ன சுத்தியல் ஒன்றும் பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் எடுத்துப் போங்கள். சேசிஸை ஓர் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு "டங்" என்று பேசும், துரு தின்ற இடம் "தொப்" என்று செத்துப்போன சத்தம் தரும். அங்கே ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். பின் சக்கரத்துக்கு மேலே சேசிஸ் வளையும் இடம், ஸ்பிரிங் பட்டை தொங்கும் தாங்கிகள், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் சுற்றிய பகுதி, பாடி மவுண்ட்டுகள், டேங்க்குக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சட்டம் ஆகியவைதான் முதலில் போகும். ஸ்டியரிங் பாக்ஸ் அருகே விரிசலோ ஒட்டுத்தகடோ இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

விபத்தில் சேசிஸ் கோணியிருக்கிறதா என்று பார்க்க, முன் இடது ஸ்பிரிங் தாங்கி போல்ட்டிலிருந்து பின் வலது தாங்கி போல்ட்டுக்கு டேப் பிடியுங்கள். எதிர்க் குறுக்கையும் அளந்து பாருங்கள். 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் யோசியுங்கள். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்களைச் சுற்றிக் கிரைண்டர் ஓடிய தடமோ, ஓர் எண் மட்டும் ஏறி இறங்கியோ இருந்தால் தொடாதீர்கள்.

நம் பகுதியிலேயே ஓடிய வண்டியில் உப்பு இல்லை. ஆனால் சேசிஸ் மடிப்புகளில் செம்மண் அடைந்து, மழைக்கு மழை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கட்டியைக் கொத்தி எடுத்துவிட்டுத் தட்டுங்கள்.

கேள்வி: வடக்கேயிருந்து கொண்டுவந்த ஜீப். 31 அங்குல டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், டீசல் என்ஜின் மாற்றியது, முன்னால் பெரிய இரும்பு பம்பர். கம்பீரமாக இருக்கிறது. பேப்பர் எல்லாம் பக்கா என்கிறார்கள். - வாசகர், பொன்னமராவதி

கம்பீரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஆர்.சி.யைக் கையில் எடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. என்ஜின் மாற்றியிருந்தால் புது என்ஜின் நம்பரும், பெட்ரோலிலிருந்து டீசல் ஆனதும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். இரும்பு பம்பரை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

டயர் கணக்கு ஒன்று. 29 அங்குலம் இருந்த இடத்தில் 31 அங்குலம் போட்டால் சுற்றளவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 64. ஓடிய தூரமும் அதே அளவு குறைத்துக் காட்டும். கிளட்ச், ஆக்சில், பிரேக் எல்லாம் அந்தக் கூடுதல் சுமையைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

வெளிமாநில வண்டிக்கு அங்கிருக்கும் ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28, அதாவது என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வேண்டும். பிறகு இங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் பழைய மாநில நம்பரிலேயே ஓட்ட முடியாது. டெல்லி வட்டாரத்தில் பழைய டீசல் வண்டிகளுக்கு உள்ள கெடுபிடியால் அங்கிருந்து குறைந்த விலைக்கு வண்டிகள் தெற்கே வருகின்றன. விலை குறைவு என்று மகிழ்வதற்கு முன் இங்கே கட்ட வேண்டிய வரியைக் கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: முதல் தலைமுறை ஃபார்ச்சூனர் 4x4 பார்க்கிறோம். லீவரில் 2எச் என்பதே இல்லை. கோளாறா? - வாசகி, பள்ளத்தூர்

கோளாறு இல்லை. அது எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வகை. நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால் 'எச்' நிலையில் தார் ரோட்டில் தாராளமாக ஓட்டலாம். 'எச்எல்', 'எல்எல்' இரண்டிலும் நடு டிஃபரென்ஷியல் பூட்டப்படும், அவை மண்ணுக்கு. இந்த வகையில் நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் இருப்பது மிக முக்கியம். இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று ஓட்டியிருந்தால் நடு டிஃபரென்ஷியல் ஓய்வில்லாமல் சுழன்றிருக்கும். டயர் பக்கவாட்டில் உள்ள கடைசி நாலு எண்ணைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம். 3.0 லிட்டர் என்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு, மாற்றிய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படி அறிவது? - வாசகர், ஆத்தங்குடி

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், தூத்துக்குடியில் 2023 டிசம்பரிலும் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டை அதன் கடைசி முனை வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் நீர்க்கோடு அப்படியே இருக்கும், அதை யாரும் துவைப்பதில்லை. சீட்டின் அடி ரயிலில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் மண் கறை ஆகியவையும் சாட்சி. உள்ளே நெடி தூக்கலாக வாசனைத் திரவியம் அடித்திருந்தால் மூக்கை நம்புங்கள்.

கேள்வி: என்றைக்கு, எத்தனை மணிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது? அட்வான்ஸ் கொடுக்கும்போது என்ன எழுதி வாங்க வேண்டும்? - வாசகர், குன்றக்குடி

நல்ல நேரம் உங்கள் விருப்பம். எங்கள் கணக்கில் விடிகாலை 6 மணி. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகப் போய் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். குளிர்ந்த டீசல் என்ஜின் முதல் அடியிலேயே பிடித்து, லேசாகப் புகைத்து, ஒரு நிமிஷத்தில் தெளிய வேண்டும். நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட்டையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப்போட்டு அதன் மேலேயே வையுங்கள். லேசாக நடுங்கலாம். துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. கையோடு டார்ச், காந்தம், பழைய போர்வை, டேப், சுத்தியல், ஜாக்கி. டெஸ்ட் டிரைவ் குறைந்தது 20 கிலோமீட்டர்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ், எஃப்.சி. தேதி, அபராதங்கள் எல்லாவற்றையும் அங்கேயே பாருங்கள். கடன் முடிந்தது என்றால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-ம் 30-ம் உங்கள் கண்முன் கையெழுத்தாகட்டும். கைமாறிய 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் நீங்கள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

அட்வான்ஸ் ரசீதில் வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், மீட்டர் கிலோமீட்டர், பாக்கித் தொகை, பெயர் மாற்றம் நடக்காவிட்டால் பணம் திரும்பும் தேதி ஆகியவை இருக்கட்டும். வண்டியை எடுக்கும் அன்று தேதியோடு மணியையும் நிமிஷத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலை 10.15-க்கு நடந்த அபராதம் விற்றவருடையதா, 10.40-க்கு வாங்கிய உங்களுடையதா என்ற கேள்வி அப்போது வராது.